மணந்த பின் கற்கும் அன்பு

குமாரபாளையம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஈசாக்குக்குப் பெண் பார்த்தது அவன் வீட்டு ஊழியக்காரன். ஆதியாகமம் 24ஆம் அதிகாரம் முழுக்க அந்தப் பெண் பார்க்கும் படலம்தான். கிணற்றடி, தண்ணீர்க் குடம், நகை, பெண் வீட்டார் சம்மதம் என எதுவும் விடுபடவில்லை. மாப்பிள்ளை பெண்ணை முதன்முதலில் காண்பது, அவள் ஒட்டகத்தைவிட்டு இறங்கும் சாயங்காலத்தில். அதிகாரத்தின் முடிவில் வினைகள் வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். அவளைத் தன் தாயின் கூடாரத்துக்குள் அழைத்துப் போனான், மனைவியாக்கிக்கொண்டான், பிறகு நேசித்தான். பெரியவர்கள் பேசி முடிக்கும் கலியாணமே மிகுதியாக நடக்கும் கொங்குச் சீமையில் இந்த வரிசை யாருக்கும் புதிதன்று. சினிமா பழக்கிய மனத்துக்குத்தான் இது தலைகீழ். அன்பு முன்னாலேயே வந்துவிட வேண்டும், வராவிட்டால் கலியாணமே பொய் என்று நினைக்கிறவர்கள், முதல் கசப்பு வந்ததும் இடம் மாறிக் கழுத்தை நீட்டிவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். காதலித்து மணந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. அவர்களுக்குக் கசப்பு வரும்போது வியப்பும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஈசாக்கு, ரெபெக்காள் இல்லறமும் கடைசிவரை இனித்தபடி இருக்கவில்லை. 20 ஆண்டு பிள்ளையில்லாமல் இருந்தபோது மனைவிக்காக வேண்டிக்கொண்டவன் ஈசாக்கு. பிள்ளைகள் வளர்ந்த பின் அவன் ஏசாவின் பக்கம், அவள் யாக்கோபின் பக்கம். கண் மங்கிப்போன கணவனை மனைவியே ஏமாற்றும் வீடாக அது ஆயிற்று. ஒருமுறை கற்ற அன்பு சாகும்வரை தானாக நிலைக்கும் என்று வேதம் எங்கும் உறுதி கொடுக்கவில்லை.

அன்பைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதைத் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. முதிய பெண்கள் இளம் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டியவற்றில் முதலில் நிற்பது சமையலோ சிக்கனமோ அன்று, கணவனிடத்தில் அன்பாயிருப்பது. கணவர்களுக்கான பாடம் எபேசியர் 5ஆம் அதிகாரத்தில். அங்கே மனைவியருக்குச் சொன்னதைப்போல் இரு மடங்குக்கு மேல் கணவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஊரில் அந்த அதிகாரத்தை எடுக்கும் ஆண்கள் பெரும்பாலும் மனைவி கீழ்ப்படிவதைப் பற்றிய வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்கு முந்திய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பேசுகிறது. பிந்தியவை, சபைக்காக உயிரையே கொடுத்த கிறிஸ்துவைக் கணவனுக்கு அளவுகோலாக வைக்கின்றன. அந்த அளவுகோலில் அதிகாரம் பண்ணுவதற்கு இடம் தேடினாலும் கிடைக்காது.

கலியாண ஆராதனைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரமும் மணமக்களுக்காக எழுதப்பட்டதன்று. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டும், பந்தியில் ஏழைகளை வெட்கப்படுத்திக்கொண்டும் இருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது அது. அன்பின் இயல்பைச் சொல்லும் அந்த வரிகள் கிரேக்க மூலத்தில் எல்லாமே வினைச்சொற்கள். அவற்றில் பாதிக்கு மேல், அன்பு எதைச் செய்யாது என்பவை. எரிச்சல்படாமல் இருப்பதும் தீங்கைக் கணக்கு வைக்காமல் இருப்பதும் மனத்தில் ஊறும் உணர்ச்சிகள் அன்று. செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்று ஆள் கையில் இருப்பவை. ஆகவேதான் அவற்றைக் கட்டளையாக இட முடிகிறது. சபையில் ஓலை வாசித்து, தாலி கட்டும் நாளில் மணமக்கள் செய்யும் உடன்படிக்கையும் இதே போக்கில் அமைந்தது. இப்போது நேசிக்கிறாயா என்று ஐயர் கேட்பதில்லை, நேசிப்பாயா என்றே கேட்கிறார். வறுமையும் வியாதியும் அந்த உடன்படிக்கையில் முன்கூட்டியே பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை வந்து கதவைத் தட்டும்போது, ஏமாற்றப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது.

குமாரபாளையத்தில் அவை தட்டும் விதம் எல்லோருக்கும் தெரிந்தது. காவிரியின் இந்தக் கரையில் விசைத்தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். நூல் விலை ஏறினால் பட்டறை நிற்கும், சாயப்பட்டறைக்குத் தடை வந்தாலும் நிற்கும். 2020 ஊரடங்கில் ஊர் முழுக்கத் தறிச்சத்தமே இல்லாத வாரங்கள் இருந்தன. தறிக்காரர் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் வேலைக்குச் சேருகிறார்கள். அது அடைபடும் முன் ஒரு பிரசவமோ ஒரு சாவோ வந்துவிடும். பிறகு மனைவி பேரில் குழுக் கடன், கணவன் பேரில் வட்டிக் கடன். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் கடன் தீர்க்கச் சிறுநீரகத்தை விற்றவர்களின் செய்தி ஒருமுறை அன்று, பலமுறை வெளிவந்திருக்கிறது. கணவனுக்கு ராத்திரி ஷிப்ட், மனைவிக்குப் பகல் ஷிப்ட் என்றால் ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போகிறார். இன்னொன்றும் உண்டு, சின்னதாகத் தெரியும். பட்டறைச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவருக்குக் காது மந்தமாகிவிடுகிறது. வீட்டிலும் அவர் உரக்கவே பேசுகிறார். வெளியூரிலிருந்து வாழவந்த பெண் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறாள். இரண்டு வருஷம் கழித்து அது உண்மையாகவே கோபமாகி நிற்கிறது.

துன்பம் விசுவாசத்தைத் தானாகவே வளர்த்துவிடும் என்று பிரசங்கங்களில் கேட்பது பாதி உண்மை. அது சிலரைப் பக்குவப்படுத்துகிறது, சிலரை நொறுக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத் தூரதேசம் போக வேண்டாம். நாமக்கல் மாவட்டத்திலேயே, கொல்லிமலை வாழவந்தியில், ஒரு கணவன் மனைவியின் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு ஊர்க்காரர், கட்டட வேலை கற்றவர். ஒரு வருஷம் மருத்துவப் பயிற்சி பெற்று, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக 1907இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். எவலின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், நல்ல உடையில் விருப்பமுள்ளவர். வயதில் ஜெஸ்ஸிக்குச் சில ஆண்டு மூத்தவர். 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் இவர்களுக்குத் திருமணம். அன்றைக்கே மலையேறினார்கள். அப்போது பாதை கிடையாது, டோலியும் கால்நடையும்தான். மழை பிடித்துக்கொள்ள, கலியாண உடை சேறாகிப் போய்ச் சேர்ந்தாள் மணப்பெண். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ராத்தங்க மறுத்த மலை அது. மாப்பிள்ளை தானே அமைத்த மரவீடு, கறையான் ஏறாதபடி கால்மேல் நிறுத்தியது, அங்கே காத்திருந்தது.

இவர்களைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் பக்தியையே பெரிதாகப் பேசுகிறார்கள். வேலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். இருவருக்கும் சேர்ந்து ஒரே வேலை இருந்தது. ஜெஸ்ஸி பல் பிடுங்குவார், காலில் புகுந்த நரம்புச்சிலந்தியை உருவி எடுப்பார், தச்சு வேலை கற்றுக்கொடுப்பார், மலைவாசிகள்மேல் சுமத்தப்பட்ட வரிகளுக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவார். எவலின் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவார், தாயில்லாக் குழந்தைகளை வளர்ப்பார். ஆண்டுகள் பல சென்றும் மலையில் ஒருவரும் சபையில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்தார். 1918, 1919 விஷக்காய்ச்சலில் அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டபோது, உறவுக்காரர்களே கிட்ட வராத வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டவர்கள் இந்த இருவர். சாகும் முன் பூசாரி தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மலையின் மனம் திரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஏமாற்றம் நிறைந்த அந்த ஆரம்ப ஆண்டுகளில்தான் கணவன் மனைவி உறவு உறுதிப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். பலன் இல்லாத காலத்தில், பழியை ஒருவர்மேல் ஒருவர் போடுவது மனித வழக்கம். இவர்களுக்கு நாள்தோறும் செய்து தீர வேண்டிய வேலை இருந்தது. இன்னொருவர் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. தறிக்குடும்பத்துக்கும் இது பொருந்தும். கணவன் கடன், மனைவி கடன் என்று பிரித்து வைத்திருக்கும் வீட்டில் பகை வளர்கிறது. மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் சேர்ந்து பார்க்கும் வீட்டில் பணம் கூடிவிடாது, சந்தேகம் குறையும்.

பிராண்ட் தம்பதி செய்த எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. 1923இல் விடுப்பில் இங்கிலாந்து போனபோது, 9 வயது மகன் பாலையும் அவனுக்கு இளைய மகள் கானியையும் படிப்புக்காக அத்தைமார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் கால மிஷனெரிகளில் அது வழக்கம். ஆனாலும் அந்தப் பிரிவின் வலி எவலினை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஊழியத்துக்காகப் பிள்ளைகளைப் பிரிந்தது சரியா என்று இன்று கேட்டால், சரி என்று சட்டென்று சொல்ல முடியாது. ஜெஸ்ஸி மகனுக்கு வாரந்தோறும் கடிதம் எழுதினார். மரம், பூச்சி, மண், கடவுள் எல்லாம் அதில் வரும். 1929 ஜூனில் மலேரியாவால் வரும் கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்தார். சாவுச் செய்தி தந்தியில் லண்டனுக்குப் போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் போனதால், தகப்பன் இறந்தது தெரிந்த பிறகும் அவர் கையெழுத்தில் புதிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. அந்த மகன்தான் பின்னால் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

எவலினுக்கு அப்போது வயது 50. ஓராண்டு கழித்து இங்கிலாந்து வந்த தாயை மகனுக்கே அடையாளம் தெரியவில்லை, அத்தனை முதுமை ஏறியிருந்தது. துக்கம் விசுவாசிகளைத் தொடாது என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் உடைந்துதான் போனார். உடைந்தபடியே இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்தது. மலைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 70 வயதில், 1947இல் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர் ஊருக்குக் கப்பல் ஏறாமல் மலைக்கு ஏறினார், சொந்தப் பொறுப்பில். கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை முதலான ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது கணவரும் அவரும் சேர்ந்து கண்ட கனவு. இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு கைகளிலும் மூங்கில் தடி ஊன்றி நடந்தார், மட்டக்குதிரையில் போனார். முகக்கண்ணாடி பார்ப்பதையும் விட்டுவிட்டார். 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் காலமானபோது, கணவன் இல்லாமல் வாழ்ந்த ஆண்டுகள் 45. அவரோடு வாழ்ந்தவை 16.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இந்திய சபை வரலாற்றில் உண்டு. வங்காளத்தில் வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பேர்போன வில்லியம் கேரியின் மனைவி டாரதி, கணவனோடு இந்தியா வர முதலில் மறுத்தவர். வற்புறுத்தலின் பேரில் 1793இல் கப்பல் ஏறினார். மறு ஆண்டே 5 வயது மகன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். டாரதியின் மனம் பேதலித்தது. 1807இல் சாகும்வரை தேறவில்லை. பக்கத்து அறையில் மனைவி கதறிக்கொண்டிருக்கக் கணவன் வேதத்தை மொழிபெயர்த்தார் என்பதை அவரைப் போற்றி எழுதியவர்கள் பொறுமைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அதை வேறு விதமாகவும் வாசிக்கலாம். கேரியின் விசுவாசத்தில் குறை காண முடியாது. ஆனால் முதலில் அந்தப் பெண் சொன்ன ‘மாட்டேன்’ என்ற சொல்லை யாரும் நின்று கேட்கவில்லை. கணவனின் அழைப்பு வேறு, மனைவியின் சம்மதம் வேறு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருப்பதாக எடுத்துக்கொள்வது கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. ராத்திரி ஜெபத்துக்கும் உபவாசக் கூட்டத்துக்கும் ஓடிக்கொண்டு, வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பவளை மறப்பது அதன் சிறிய வடிவம்.

யோபுவின் மனைவிக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். பிரசங்க மேடைகளில் அவள் பெயர் விசுவாசமில்லாதவளுக்கு உதாரணம். அவள் இழந்தது என்ன என்று யாரும் எண்ணுவதில்லை. ஏழு மகன், மூன்று மகள், அத்தனை பேரும் ஒரே நாளில். பத்துப் பேரையும் சுமந்து பெற்றவள் அவள். எபிரேய மூலத்தில் அவளுக்கு ஒரே வசனம்தான் பேச்சு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது நீளமாக இருக்கிறது. வீடு வீடாகக் கூலி வேலைக்கு அலைவதையும், பொழுது எப்போது சாயும் என்று காத்திருப்பதையும் அங்கே அவள் சொல்லி அழுகிறாள். பன்னிரண்டு மணி நேரம் தறிக்குத் தார் சுற்றிவிட்டு வரும் பெண் ஒருத்தி கடவுளைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை சொன்னால், அதைத் தேவதூஷணம் என்று எடுத்துக்கொள்வதா, களைப்பு என்று எடுத்துக்கொள்வதா என்பதில்தான் கணவனின் பக்குவம் தெரியும். முதலில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது நல்லது. வசனம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கணவன் மனைவி சேர்ந்து ஜெபிப்பது எல்லாப் போதகர்களும் சொல்வது. அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபம் தடைபடும் என்ற பொருளில் பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஆகவே சண்டை முடியாமல் முழங்கால் போடுவதில் பயனில்லை. ஜெபத்திலேயே மற்றவர் குற்றத்தைக் கர்த்தரிடம் புகாராகச் சொல்வது அதைவிட மோசம். ஷிப்ட் மாறி மாறி வரும் குடும்பத்தில் நீண்ட ஜெபத்துக்கு நேரம் இருக்காது. வாசலில் ஒருவர் வந்து ஒருவர் போகும் அந்த ஐந்து நிமிஷம் போதும். முதலில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டு, பிறகு கண்ணை மூடினால் அதுவும் குடும்ப ஜெபம்தான். மன்னிப்புக் கேட்பதை ஆண்கள் தாமதமாகக் கற்கிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் திட்டியவர், பிள்ளைகளுக்கு முன்னாலேயே வருத்தம் தெரிவிப்பது முறை.

மாமியார், நாத்தனார், மச்சான் எல்லோரும் நடுவில் வந்து பேசும் வழக்கம் கொங்கு நாட்டில் வலுவானது. அதில் நன்மையும் உண்டு. தனித்து விடப்பட்ட நகரத் தம்பதிகளுக்கு அந்த உதவியே இல்லை. ஆனால் பஞ்சாயத்துக்கு வருகிறவர், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒரே ஒருவர் போதும்.

துன்பம் வேறு, கொடுமை வேறு. வேலையில்லாமையும் நோயும் சேர்ந்து சுமக்க வேண்டியவை. குடித்துவிட்டு அடிப்பதைச் சிலுவை என்று பெயரிட்டு ஒரு பெண்ணைச் சுமக்கச் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரமில்லை. எந்த மூப்பருக்கும் அந்த உரிமையும் இல்லை. சட்டமும் இதில் தாமதமாகவே விழித்தது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் மட்டுமே போதுமான காரணம். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 132 ஆண்டு கழித்து, 2001இல்தான் இருவருக்கும் ஒரே நியாயம் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறியது. அதன்கீழ் அடி மட்டுமன்றி, ஓயாத வசவும், செலவுக்குப் பணம் கொடுக்காமல் வதைப்பதும் வன்முறையே. பெண்களுக்கான உதவி எண் 181. அடி விழும் வீட்டில் அவள் பத்திரமான இடத்துக்குப் போவதே முதல் காரியம். சமாதானப் பேச்சு அதற்கு அப்புறம். அடித்தவன் குடியை விட்டானா, மனந்திரும்பினானா என்று பார்த்த பிறகு.

அன்று ஜெஸ்ஸியும் எவலினும் டோலியோடு ஏறிய மலைக்கு இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவோடு தார் ரோடு போகிறது. குமாரபாளையத்திலிருந்து நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகப் பஸ்ஸிலேயே போகலாம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தி, தறி ஓடாத நாள் மாதத்தில் ஒன்று வரும். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை போய்வருவது நல்லது. ஜன்னல் பக்கம் அவளுக்கு.

இப்படிக்கு,
பெரியப்பா